டவர் படுத்துட்டா யார் குரல் கேட்கும்? ஹாம் அலைவரிசை பிடிக்கிற ரேடியோ பற்றி

இந்த எபிசோட் ஒரே ஒரு கேள்விக்கான பதில். "எமர்ஜென்சி ரேடியோன்னு ஆன்லைன்ல விக்குறாங்களே, கைப்பிடியைச் சுத்தினா சார்ஜ் ஏறும், ஹாம் ரேடியோ எல்லாம் கேட்கும்னு போட்டிருக்கு, வாங்கலாமா?" இதைப் பல பேர் கேட்டுட்டீங்க. சுருக்கமான பதிலை முதல்லயே சொல்லிடறேன்: ரேடியோ வாங்கலாம், கட்டாயம் வாங்கலாம். ஆனா அந்தப் பெட்டி மேல எழுதியிருக்கிற பாதி விஷயம் நம்ம ஊருக்கு உதவாது. எது உதவும், எது உதவாது, ஏன்? அதைத்தான் பேசப் போறோம்.

என் ஊர் மல்லாங்கிணறு. அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்து வானம் பார்த்த பூமி. எங்க ஊர்க்காரங்ககிட்ட வெள்ளம்னு சொன்னா சிரிப்பாங்க. கண்மாய்க்குத் தண்ணி வந்தாலே திருவிழா. அப்படிப்பட்ட ஊர்ல உட்கார்ந்துகிட்டு அவசரகால ரேடியோ எதுக்குன்னு நீங்க கேட்கலாம். பேரிடர் நம்ம வாசல்ல நடக்கணும்னு அவசியம் இல்லை. நம்ம அக்கா வீட்டு வாசல்ல நடந்தா போதும்.

2023 டிசம்பர்: நூறு கிலோமீட்டர், ஆனா சத்தமே இல்லை

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நினைச்சுப் பாருங்க. தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்கள்ல மழை கொட்டித் தீர்த்தது. 18ஆம் தேதி காலை வரையிலான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் மட்டும் சுமார் 95 சென்டிமீட்டர். அந்த ஊர் ஒரு வருஷம் முழுக்கப் பார்க்கிற மழையைவிட அதிகம் இது. தாமிரபரணி கரை புரண்டது, குளங்கள் உடைந்தன, சாலையும் தண்டவாளமும் அரித்துப் போயின. திருச்செந்தூரில் இருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்திலேயே நின்றுபோய், நூற்றுக்கணக்கான பயணிகள் 19ஆம் தேதி வரை மாட்டிக்கொண்டார்கள்.

மல்லாங்கிணற்றில் இருந்து ஸ்ரீவைகுண்டம் நேர்கோட்டில் நூறு கிலோமீட்டர் சொச்சம். எங்க பக்கத்துல இருந்து தூத்துக்குடி பக்கம் பொண்ணு கொடுத்தவங்க, உப்பளத்துக்கும் துறைமுகத்துக்கும் வேலைக்குப் போனவங்க எத்தனையோ பேர். போன் போட்டா "தொடர்பு எல்லைக்கு வெளியே". அவங்க உயிரோட இருக்காங்களா, மாடியில நிக்கறாங்களா, ஒண்ணும் தெரியாது. அந்த வெற்றிடத்தை நிரப்ப வந்தது வாட்ஸ்அப் ஃபார்வர்டுதான். 2015 சென்னை வெள்ளத்தப்போ முதலைப் பண்ணையில் இருந்து முதலைகள் தப்பி ஊருக்குள்ள வந்துடுச்சுன்னு ஒரு புரளி ஓடுச்சே, அந்த ரகம்.

செல்போன் ஏன் இப்படிச் சட்டுன்னு செத்துப் போகுது? ஒரு டவர் வேலை செய்ய மூணு விஷயம் வேணும். கரண்ட், இல்லைன்னா பேட்டரியோ டீசல் ஜெனரேட்டரோ. அந்த டவரை மற்ற இடங்களோட இணைக்கிற ஃபைபர் கேபிள். எங்கேயோ ஒரு நகரத்தில் இருக்கும் கட்டுப்பாட்டு இயந்திரங்கள். நீங்க அடுத்த தெருவுக்குப் பேசினாலும் உங்க குரல் இந்த மூணையும் தாண்டித்தான் போகணும். வெள்ளத்தில் பேட்டரி சில மணி நேரத்தில் தீரும், டீசல் கொண்டுவர வழி இருக்காது, பாலம் உடைஞ்சா அதோட போற கேபிளும் அறுந்துடும். ஒண்ணு போனாலும் மொத்தமும் போச்சு.

நடுவில் யாருமே இல்லாத பேச்சு

ஹாம் ரேடியோன்னு சொல்ற அமெச்சூர் வானொலி இங்கேதான் வேறுபடுது. இந்தப் பக்கம் ஒரு ரேடியோ, ஒரு கார் பேட்டரி, ஒரு கம்பி. அந்தப் பக்கமும் அதே. நடுவில் டவர் கிடையாது, கேபிள் கிடையாது, கம்பெனி கிடையாது. தேர்வு எழுதி அரசு உரிமம் வாங்கிய தனி மனிதர்கள் பொழுதுபோக்காக நடத்துவது இது. காசுக்காக நடத்தக் கூடாது. சாதாரண நாளில் அவங்க பேசுறதைக் கேட்டா ஆன்டெனா, வானிலை, உடம்பு எப்படி இருக்குன்னுதான் போகும். ஆனா ஒரு மோசமான நாளில் அதே கம்பி வேற வேலை பார்க்கும்.

2004 டிசம்பர் அதுக்குச் சாட்சி. பாரதி பிரசாத் என்கிற ஹாம், அவங்க அழைப்புக்குறி வியூ2ஆர்பிஐ. அந்த மாதம் ஒரு குழுவோடு அந்தமானில் போர்ட் பிளேருக்குப் போயிருந்தாங்க. அந்தமானில் இருந்து பல வருஷமா அமெச்சூர் ஒலிபரப்பு நடக்கலை. அதனால உலகம் முழுக்க இருக்கிற ஹாம்கள் அந்தத் தீவோடு பேசக் காத்துக்கிட்டு இருந்தாங்க. ஒருவகையில் அது ஜாலியான பயணம். 26ஆம் தேதி காலை ஆறரை மணி வாக்கில் நிலநடுக்கம், பின்னாலேயே சுனாமி. பொழுதுபோக்குக்காகக் கட்டின அந்த நிலையம் அப்படியே அவசரகால நிலையமா மாறிடுச்சு. தீவுல இருந்தவங்களைப் பற்றின செய்தி பெருநிலத்துக்கும், இங்கே தவிச்சவங்க விசாரிப்பு தீவுக்கும் அந்த வழியாப் போச்சு.

அதே நாள்களில் இலங்கையில் ஹம்பாந்தோட்டை பக்கம் தொலைபேசி அறுந்து கிடந்தது. இலங்கை வானொலி சங்கத்தின் விக்டர் குணதிலகே, அழைப்புக்குறி 4எஸ்7விகே, அவரும் மற்ற ஹாம்களும் கொழும்புக்கும் அந்தக் கடற்கரைக்கும் இடையே சிற்றலையில் தொடர்பு ஏற்படுத்தினாங்க. பெரிய சாட்டிலைட் எதுவும் இல்லை. பேட்டரி, கம்பி, பேசத் தெரிந்த மனுஷன். அவ்வளவுதான்.

இந்தப் பேச்செல்லாம் பூட்டு போட்ட பேச்சு இல்லை. ஹாம்கள் ரகசியக் குறியீட்டில் பேசக் கூடாது என்பது விதி. அதனால சரியான ரேடியோ இருந்தா நீங்களும் கேட்கலாம். "சரியான" என்கிற சொல்லில்தான் சிக்கலே இருக்கு.

பெட்டி மேல எழுதியிருக்கிறதைப் படிப்போம்

ஆன்லைனில் கிடைக்கிற "எமர்ஜென்சி ரேடியோ" பெட்டிகளில் பொதுவா நாலைந்து எழுத்துகள் இருக்கும். ஒவ்வொண்ணாப் பார்ப்போம்.

எஃப்எம்: 87.5 முதல் 108 மெகாஹெர்ட்ஸ். தெரிஞ்சதுதான்.

ஏஎம் அல்லது எம்டபிள்யூ: மத்திய அலை. நம்ம தாத்தா காலத்து ஆகாசவாணி. இலங்கை வானொலியும் தென் மாவட்டங்களுக்கு இந்த வழியா வந்துச்சு.

டபிள்யூபி: "வெதர் பேண்ட்". கொட்டை எழுத்தில் போட்டிருப்பாங்க. இது 162 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் அமெரிக்கா நடத்துகிற வானிலை எச்சரிக்கைச் சேவை. இந்தியாவில் அந்த ஒலிபரப்பு இல்லை. அந்தப் பொத்தானை அமுக்கினா நீங்க கேட்கப் போறது "உஸ்" என்கிற இரைச்சல் மட்டும்தான். அதுக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

எஸ்டபிள்யூ: சிற்றலை. சுமார் 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை. ஹாம்கள் பேசுகிற 7, 14 மெகாஹெர்ட்ஸ் எல்லாம் இதுக்குள்ளதான் வருது. இதைப் பார்த்துத்தான் விற்கிறவங்க "ஹாம் கேட்கும்"னு எழுதுறாங்க. அலை உள்ளே வரும், உண்மைதான். ஆனா பேச்சு புரியாது. தண்ணிக்குள்ள வாத்து கத்துற மாதிரி ஒரு சத்தம் வரும். காரணம் அடுத்த எழுத்து.

எஸ்எஸ்பி: இதுதான் நீங்க தேட வேண்டியது.

எஸ்எஸ்பின்னா என்ன? வற்றல் கதை

ஆகாசவாணி ஏஎம்மில் ஒலிபரப்பும்போது மூணு பொருளை அனுப்புது. நடுவில் ஊர்தி அலை, அதோட ரெண்டு பக்கமும் பேச்சின் ஒரே மாதிரியான ரெண்டு நகல். ஊர்தி அலையில பேச்சே இல்லை. ஆனா மின்சாரத்தில் பெரும்பங்கை அதுதான் சாப்பிடும். கேட்கிறவன் ரேடியோ எளிமையா இருக்கணும்னு நிலையம் அந்தச் செலவை ஏத்துக்குது.

கார் பேட்டரியில் பேசுகிற ஹாமுக்கு அந்த ஆடம்பரம் கட்டுப்படி ஆகாது. அதனால ஊர்தி அலையையும் ஒரு நகலையும் கழிச்சுட்டு, ஒரே ஒரு பக்கத்தை மட்டும் அனுப்புறாங்க. நம்ம ஊர்ல சுண்டைக்காயை வற்றல் போட்டு வெளியூருக்குக் கொடுத்து விடுவோமே, அந்த மாதிரி. தண்ணியை எதுக்குச் சுமக்கணும்? அங்கே போய்ச் சேர்த்துக்கலாம். உங்க ரேடியோவுக்குள்ள அந்தத் "தண்ணி"யை, அதாவது ஊர்தி அலையைத் திரும்பச் சேர்க்கிற சுற்று இருந்தாத்தான் வற்றல் குழம்பாகும். அந்தச் சுற்றுதான் எஸ்எஸ்பி வசதி. அது இல்லாத ரேடியோவில் வெறும் வற்றலைக் கடிக்கிற கதைதான்.

10 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே ஹாம்கள் எல்எஸ்பி என்கிற கீழ்ப்பக்கத்தையும், அதுக்கு மேலே யுஎஸ்பி என்கிற மேல்பக்கத்தையும் பயன்படுத்துறது வழக்கம். ரேடியோவில் ரெண்டுக்கும் பொத்தான் இருக்கும். அதோட நுண்மையாத் திருகும் வசதியும் வேணும், ஏன்னா கொஞ்சம் விலகினாலும் ஆம்பளைக் குரல் எலிக்குரல் ஆயிடும்.

எஸ்எஸ்பி உள்ள கையடக்க ரேடியோக்களில் டெக்சன் பிஎல்-330, பிஎல்-660, எக்ஸ்எச்டேட்டா டி-808 மாதிரியானவை பலரும் பயன்படுத்துறது. பழைய சாமான்ல சோனி ஐசிஎஃப்-எஸ்டபிள்யூ7600ஜிஆர் கிடைச்சா விடாதீங்க. தயாரிப்பு நின்னுபோச்சு, ஆனா வேலை செய்யும். இதுக்கெல்லாம் சில ஆயிரம் ஆகும். சாதாரண கைப்பிடி ரேடியோவைவிட விலை கூடத்தான்.

எந்த அலை எங்க ஊர் வரைக்கும் வரும்?

மல்லாங்கிணற்றில் உட்கார்ந்து தூத்துக்குடியைக் கேட்கணும். எந்த அலைவரிசை?

144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை இருக்கிறது ரெண்டு மீட்டர் பேண்ட். கையில் பிடிக்கிற வாக்கி டாக்கிகள் இதில்தான் பேசும். இது நேர்கோட்டில் போகும் அலை. சமதரையில் சில கிலோமீட்டர் போனதும் பூமியின் வளைவு மறைச்சுடும். மலை உச்சியில் ரிப்பீட்டர்னு ஒரு மறுஒலிபரப்புக் கருவி இருந்தா தூரம் கூடும். ஆனா அந்த ரிப்பீட்டருக்கும் கரண்ட் வேணும் என்பதை மறக்காதீங்க.

7.000 முதல் 7.200 மெகாஹெர்ட்ஸ் வரை இருக்கிறது நாற்பது மீட்டர் பேண்ட். இந்தியாவில் பகல் நேரத்தில் ஹாம் பேச்சு கேட்க இதுதான் முதல் இடம். தாழ்வாகக் கட்டின கம்பியில் இருந்து இந்த அலை ஏறக்குறைய செங்குத்தா மேலே போய், அயனி மண்டலத்தில் பட்டு, மழை மாதிரி சுத்துவட்டாரத்தில் இறங்கும். ஐம்பது கிலோமீட்டரோ முந்நூறு கிலோமீட்டரோ, மலை இருந்தாலும் பள்ளம் இருந்தாலும் கவலை இல்லை. நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற தூத்துக்குடிக்கு இது கச்சிதம். பொழுது சாய்ஞ்சா அதே அலை ரொம்ப தூரம் பாயும். வெளிநாட்டுக் குரலெல்லாம் வந்து கும்பலாகும்.

14.000 முதல் 14.350 வரை இருபது மீட்டர். இது பக்கத்து ஊரைத் தாண்டிக் குதிச்சுடும். டெல்லி கேட்கும், ஐரோப்பா கேட்கும். நூறு கிலோமீட்டரில் இருக்கிற அக்கா ஊர் கேட்காது. ஆக, எங்க பக்கத்து ஆளுக்கு ஒரே ஒரு எண்ணை மனப்பாடம் பண்ணச் சொன்னா, 7 மெகாஹெர்ட்ஸ், எல்எஸ்பி, பகல் நேரம். அவ்வளவுதான்.

கம்பி, இரைச்சல், பேட்டரி

ரேடியோவோட வர்ற குச்சி ஆன்டெனா போதாது. பத்து மீட்டர் சாதாரண வயரை மாடியில் இருந்து வேப்பமரத்துக்குக் கட்டி, ஒரு முனையை ரேடியோவின் ஆன்டெனாவில் மாட்டினாலே வித்தியாசம் தெரியும். ரெண்டு எச்சரிக்கை. மின்கம்பிக்குப் பக்கத்தில் கட்டவே கூடாது. இடி மின்னல்னா உடனே கழற்றி வெளியே போட்டுடணும். எங்க கரிசல் காட்டு வெட்டவெளியில் ஐப்பசி இடியை லேசா எடுத்துக்க முடியாது.

நகரத்துல இருக்கிறவங்களுக்குப் பெரிய எதிரி இரைச்சல். எல்இடி பல்பு, செல்போன் சார்ஜர், இன்வெர்ட்டர் எல்லாமே சிற்றலையில் குப்பையைக் கொட்டும். சென்னை அபார்ட்மென்ட்டில் கேட்டுப் பார்த்து "ஒண்ணுமே வரலையே"ன்னு ரேடியோவைத் திருப்பி அனுப்பிடாதீங்க. ஊருக்குப் போகும்போது எடுத்துட்டுப் போங்க. இதுல ஒரு வேடிக்கை என்னன்னா, ஏரியா முழுக்கக் கரண்ட் போனா இந்த இரைச்சல் அடங்கிடும். உங்களுக்கு ரேடியோ தேவைப்படுகிற அதே நேரத்தில்தான் அது நல்லாக் கேட்கவும் செய்யும்.

பேட்டரி விஷயத்தில் ஒரே அளவுகோல்: நம்ம ஊர்க் கடையில் கிடைக்குமா? பிஎல்-660, பழைய சோனி எல்லாம் நாலு சின்ன பேட்டரி கட்டையில் ஓடும், பெட்டிக்கடையிலேயே கிடைக்கும். பிஎல்-330க்கு பிஎல்-5சி பேட்டரி. பழைய நோக்கியா பட்டன் போன் பேட்டரிதான் அது. எந்த மொபைல் கடையிலும் இருக்கும். கைப்பிடி சுத்துற ரேடியோக்களில் சுத்திச் சுத்திக் கை வலிச்சு, கொஞ்ச நேரம்தான் பாடும். கடைசி வழியா அது இருக்கட்டும், முதல் வழியா வேண்டாம்.

ஹாமுக்கு முன்னாடி ஆகாசவாணி

இதைச் சொல்லாம விட்டா நான் உங்களை ஏமாத்துறேன்னு அர்த்தம். பேரிடர் நேரத்தில் நீங்க முதல்ல திருப்ப வேண்டியது ஹாம் அலை இல்லை, ஆகாசவாணி. புயல் எங்கே கரை கடக்குது, எந்த அணையில் எவ்வளவு திறக்கிறாங்க, பள்ளிக்கு விடுமுறையா, இதெல்லாம் பொறுப்போட சொல்கிற குரல் அதுதான். எங்க பக்கத்தில் கொடைக்கானல் மலை மேல இருந்து வர்ற கோடைப் பண்பலை 100.5 உண்டு. மலை உச்சியில் இருக்கிறதால தென் மாவட்டங்களில் ரொம்ப தூரத்துக்குக் கேட்கும். இதுக்குச் சில நூறு ரூபாய் ரேடியோ போதும். வீட்டுக்கு ஒண்ணு இருக்கட்டும்.

அப்போ ஹாம் அலை எதுக்கு? அகலமான செய்தியை ஆகாசவாணி சொல்லும். ஒரு குறிப்பிட்ட ஊர், ஒரு குறிப்பிட்ட பாலம், ஒரு முகாமில் எத்தனை பேர், என்ன மருந்து தேவை, இந்த மாதிரி நுணுக்கமான தகவல் அந்த இடத்தில் நிற்கிற ஹாம் வாயில் இருந்து வரும். ஆனா ஒண்ணு: பக்கத்துல ஒரு ஹாம் இருந்து, அவர் கருவி தப்பி, அவர் பேசினால்தான் அது. இது உத்தரவாதம் இல்லை. ஒரு கூடுதல் ஜன்னல்.

கேட்கலாம், பேசக் கூடாது

இப்போ சட்டம். ஒரு காலத்தில் வீட்டு ரேடியோவுக்கே தபால் ஆபீஸில் லைசென்ஸ் கட்டணும். தாத்தாகிட்ட கேட்டா அந்தச் சின்னப் புத்தகத்தைப் பற்றிச் சொல்வார். இன்னிக்கு ஒலிபரப்பு கேட்கிற சாதாரண ரேடியோவுக்கு அது கிடையாது. ஆனா அனுப்பவும் செய்கிற வாக்கி டாக்கி வேற ஜாதி. மலிவாக் கிடைக்குதுன்னு வாங்கி "அவசரத்துக்கு இருக்கட்டும்"னு வைச்சுக்காதீங்க. ஹாம் அலையில் பேச உரிமம் கட்டாயம். முறையான அனுமதி இல்லாத வாக்கி டாக்கிகள் ஆன்லைனில் விற்கப்படுவதைத் தடுக்க 2025இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தனி வழிகாட்டு நெறிகளே கொண்டுவந்தது. அதனால கேட்க மட்டும் செய்கிற கருவியா வாங்குங்க. போலீஸ், ராணுவ அலைகளைத் தேடிப் போகாதீங்க.

இன்னொண்ணு சட்டத்தைவிட முக்கியம். மற்றவர் பேச்சைக் கேட்டு அரைகுறையா ஃபார்வர்ட் பண்ணினா, நாமளும் முதலைப் புரளிக் கூட்டத்தில் சேர்ந்துடுவோம். ஒருத்தர் காயம் பட்டார்னு ஹாமில் பேர் கேட்டா, அது அவங்க வீட்டுக்குப் போக வேண்டிய செய்தி, உங்க ஸ்டேட்டஸுக்கு இல்லை. யாராவது உதவி கேட்டு, யாரும் பதில் சொல்லாம இருந்தா, நேரம், அலைவரிசை, அழைப்புக்குறி, சொன்ன இடம், சொன்ன வார்த்தை, இந்த அஞ்சையும் பேப்பரில் எழுதி, 1077 என்கிற மாவட்டப் பேரிடர் எண்ணுக்கோ நேராத் தாலுகா ஆபீஸுக்கோ சொல்லுங்க. உங்க பக்கம் போன் வேலை செய்யும்ல, அதுதான் உங்க பலம்.

இப்பவே பழகுங்க

வெள்ளம் வந்த அன்னிக்குப் பெட்டியைப் பிரிச்சு எஸ்எஸ்பி பொத்தான் எங்கேன்னு தேடினா வேலைக்கு ஆகாது. காது பழகணும். ரேடியோ வாங்குறதுக்கு முன்னாடியே காசில்லாமப் பழக வழி இருக்கு: வெப்எஸ்டிஆர்னு தேடுங்க. நெதர்லாந்தில் ட்வென்ட்டே பல்கலைக்கழகத்தில் வைத்திருக்கும் ரேடியோவை உங்க போன் பிரவுசரில் இருந்தே திருப்பலாம். எஸ்எஸ்பியில் வாத்துக் குரல் மனுஷக் குரலா மாறுகிற அந்த நொடியைக் கேட்டுப் பாருங்க. ஆனா இது இன்டர்நெட் இருக்கிற வரைக்கும்தான், பழக மட்டுமே.

ரேடியோ கையில் வந்ததும், ஒரு ஞாயிறு காலை 7.000ல ஆரம்பிச்சு 7.200 வரைக்கும் மெதுவாத் திருகுங்க. "விக்டர் யூனிஃபார்ம்"னு ஆரம்பிச்சா அது இந்திய ஹாம். நம்ம அழைப்புக்குறிகள் பெரும்பாலும் வியூ2, வியூ3 என்று தொடங்கும். "ஃபோர் சியாரா செவன்"னா இலங்கை. ஆங்கிலம், இந்தி, நடுவில் தமிழும் காதில் விழும். கேட்டதை நோட்டில் குறிச்சு வைங்க. எந்த நேரத்தில் எந்த ஊர் நல்லாக் கேட்குதுன்னு ஒரு மாசத்தில் உங்களுக்கே பிடிபடும்.

கேட்டுக் கேட்டு ஆசை வந்துட்டா, தேர்வு எழுதிடுங்க. மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறையில் டபிள்யூபிசி பிரிவு நடத்துது. 12 வயது நிரம்பினா போதும். ரெஸ்ட்ரிக்டட் என்கிற முதல் படிக்கு மோர்ஸ் கூடத் தேவையில்லை. அடிப்படை மின்னணுவியலும் விதிமுறைகளும் படிச்சாப் போதும். அக்கா ஊர்ல ஒரு ஹாம் இருக்காரான்னு நாம தேடுறோம்ல, அதே மாதிரி எங்கேயோ ஒரு ஊர்ல இருந்து ஒருத்தர் நம்ம ஊர்ல யாராவது இருக்காங்களான்னு 7 மெகாஹெர்ட்ஸைத் திருகிக்கிட்டு இருக்கலாம். கருவேலங்காட்டு ஊர்கள்ல அப்படி ஒரு ஆள் இருக்கிறது நல்லது. அது நீங்களாவே இருக்கலாம்.

கேள்வி இருந்தா எழுதுங்க. எந்த ஊர், மாடியா தரைவீடா, பக்கத்தில் மரம் இருக்கான்னு சேர்த்துச் சொல்லுங்க. கம்பி எப்படிக் கட்டலாம்னு அடுத்த எபிசோடில் பேசிடுவோம்.